16 அடியா, 18 அடியா? அலுமினியப் படகு வாங்கப்போகிறவர்களுக்கு

ஜனவரியில் ரொறொன்ரோ படகுக் கண்காட்சி முடிந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். இந்த வருடம் முதலில் அழைத்தவர் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தம்பி. அவர் பார்த்து வைத்திருந்தவை இரண்டும் ஒரே கம்பனி, ஒரே வரிசை, நிறம்கூட ஒன்றுதான். ஒன்று பதினாறரை அடி, மற்றது பதினெட்டரை அடி. "அண்ணை, ரெண்டடிதானே வித்தியாசம். மாசக் காசும் கொஞ்சம்தான் கூட. பெரிசையே எடுத்துப்போட்டு இருக்கலாமோ?" என்றார். இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் நிற்பதால், தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

அந்த "ரெண்டடிதானே" என்பதிலிருந்தே தொடங்கலாம். படகு நீளும்போது அகலமும் பக்கச் சுவரின் உயரமும் சேர்ந்தே வளர்கின்றன. பதினாறரையிலிருந்து பதினெட்டரை என்றால் நீளத்தில் 12 சதவீதம்தான். மற்ற இரண்டு பக்கமும் அதே அளவில் வளர்ந்தால் மொத்தப் பருமன் 40 சதவீதம் கூடிவிடும். எடையும் ஏறக்குறைய அதே கணக்கில் ஏறும். எஞ்சினும் ரெய்லரும் அதன் பின்னால் ஏறும். நீங்கள் கேட்பது இரண்டடி கூடிய படகை இல்லை, கிட்டத்தட்ட ஒன்றரைப் படகை.

## எதை வைத்து முடிவு செய்வது

விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் நான் கேட்கச் சொல்வது நாலு கேள்வி.

எந்தத் தண்ணீர்? ஒரு வருடத்தில் போகும் பத்து நாளில் எத்தனை நாள் ஸ்கூகொக் ஏரி, எத்தனை நாள் சிம்கோ, எத்தனை நாள் ஒன்ராறியோ ஏரி?

எத்தனை பேர்? "குடும்பமாகப் போவோம்" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் விடிய நாலு மணிக்கு எழும்பி வருவது யார் என்று பாருங்கள்.

எதனால் இழுப்பது? இப்போது வீட்டில் நிற்கும் வாகனத்தைத்தான் கேட்கிறேன். அடுத்த வருடம் வாங்கப்போவதாக நினைக்கும் பிக்கப்பை இல்லை.

எங்கே நிறுத்துவது?

விலையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இந்த நாலுக்கும் பதில் கிடைத்துவிட்டால் விலை தானாக ஒரு பக்கம் சாயும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டீப்-வி என்றால் படகின் அடி தட்டையாக இல்லாமல் வி எழுத்துப்போல் இறங்கி அலையை வெட்டிப் போகும். ரே ஹண்ட் வடிவமைத்த மொப்பி என்ற படகு 1960இல் மயாமி–நஸோ பந்தயத்தில் கொந்தளித்த கடலில் வென்ற பிறகுதான் இந்த வடிவத்துக்குப் பெரிய பெயர் வந்தது. அதன் அடிக்கோணம் ஏறக்குறைய 24 பாகை. நம் ஏரிகளுக்கு விற்கும் அலுமினியப் படகுகளில் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழேதான் இருக்கும். அலுமினியம் இலேசானது என்பதால் "டீப்-வி" என்று எழுதியிருந்தாலும் பாரமான பைபர் படகுபோல் அலைக்குள் அமர்ந்து போகாது, கொஞ்சம் தூக்கிப் போடும். இந்தக் குறை இரண்டு அளவிலும் உண்டு, சின்னதில் இன்னும் அதிகம். தகடுகளை ரிவெட் ஆணியால் இணைப்பதா வெல்டிங்கா என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லண்ட் கம்பனி ரிவெட் அடிக்கிறது, கிரெஸ்ட்லைனர் வெல்டிங் செய்கிறது, இரண்டும் பல வருடம் ஓடுகின்றன. ஒரே கம்பனிக்குள் அளவைத் தேர்வு செய்யும்போது அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

## ஒரு பார்வையில்

கீழே உள்ளவை இந்த இரண்டு அளவிலும் பொதுவாகக் காணும் எண்கள். நீங்கள் பார்க்கும் படகில் கொஞ்சம் மாறி இருக்கலாம்.

| | பதினாறரை அடி | பதினெட்டரை அடி |
|---|---|---|
| அகலம் | 7 அடி அளவு | 8 அடிக்குக் கிட்ட |
| வெறும் படகின் எடை | 1,050 இறாத்தல் அளவு | 1,450 இறாத்தல் அளவு |
| பொருத்தமான எஞ்சின் | 75–90 குதிரைவலு | 115–150 குதிரைவலு |
| முழு வேகத்தில் பெற்றோல் | மணிக்கு 30 லீற்றருக்கு மேல் | மணிக்கு 50 லீற்றருக்கு மேல் |
| வசதியாக மீன் பிடிப்பவர் | 2, நெருக்கினால் 3 | 4 |
| முன் மின்மோட்டார் (மெதுவாக நகர) | 12 வோல்ட், ஒரு பற்றரி | 24 வோல்ட், இரண்டு பற்றரி |
| ரெய்லருடன் மொத்தம் | 2,500 இறாத்தல் அளவு | 3,400 இறாத்தல் அளவு |
| ரெய்லர் பிரேக் | சட்டப்படி தேவைப்படாது | கட்டாயம் |

இந்த அட்டவணையில் மற்ற எல்லாவற்றையும்விட நான் பார்ப்பது கடைசி இரண்டு வரிசையைத்தான்.

## இழுக்கும் கணக்கு

பதினெட்டரை அடியைக் கூட்டிப் பார்ப்போம். படகு 1,450. மேர்க்குரி 150 எஞ்சின் 455. பெற்றோல் 130 லீற்றர் நிரப்பினால் 210க்கு மேல். மூன்று பற்றரி (மின்மோட்டாருக்கு இரண்டு, எஞ்சினைத் தொடக்க ஒன்று) 150. இரட்டை அச்சோ பாரமான ஒற்றை அச்சோ, ரெய்லர் 900. நங்கூரம், தூண்டில், உயிர்காப்பு அங்கிகள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 3,400 தாண்டுகிறது. நம்மவர் வீடுகளில் அதிகம் நிற்கும் ரொயோட்டா சியன்னாவின் இழுக்கும் வரம்பு 3,500 இறாத்தல். காகிதத்தில் அடங்கிவிட்டதே என்று டீலர் சொல்வார். மிச்சம் நூறு இறாத்தல்கூட இல்லை. வானுக்குள் நாலு பேரும் சாமானும் ஏறினால், ரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடையும் சேர்ந்து பின்சக்கரங்கள் அமுங்கும். நெடுஞ்சாலை 404இல் முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதுதான் அந்த நூறு இறாத்தலின் அர்த்தம் தெரியும்.

ஒன்ராறியோவில் ரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோ, அதாவது 3,000 இறாத்தல், அல்லது அதற்கு மேல் வந்தால் ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருக்கவேண்டும். பதினாறரை அடி இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது: 1,050 படகு, 359 எஞ்சின் (மேர்க்குரி 90), பெற்றோல் 150, இரண்டு பற்றரி 100, ரெய்லர் 600, சாமான் 200. இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். பதினெட்டரை தாண்டிவிடுகிறது. இதைத்தான் கண்காட்சியில் யாரும் சொல்வதில்லை. பிரேக் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் அமிழும் பிரேக் அது. என்னுடையது மூன்றாவது வருடம் ஒரு பக்கம் இறுகிப் பிடித்துக்கொண்டது. அது தெரியாமல் வீடுவரை வந்து, சக்கரத்தில் கைவைத்துச் சுட்டுக்கொண்டேன். அந்த வசந்தகாலச் செலவு மாதக் கட்டணத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

சி.ஆர்.வி. போன்ற சின்ன எஸ்.யு.வி. வைத்திருப்பவர்கள் கோபிக்கவேண்டாம். அதன் வரம்பு 1,500 இறாத்தல் மட்டில்தான், இரண்டு படகும் அதற்கு ஆகாது. பைலட், ஹைலாண்டர் வகைகளில் 5,000 இறாத்தல் இழுக்கும் மாதிரிகள் உண்டு. அவை இருந்தால் பதினெட்டரை அடி பெரிய தலையிடி இல்லை. எதுவானாலும் சொந்த வாகனத்தின் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் ஹைபிரிட் மாதிரிக்கு வரம்பு வேறாக இருக்கும்.

## பதினாறரை அடி: எங்கே வெல்கிறது

ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. ரைஸ் ஏரி மூன்று மீற்றருக்குள். இந்தப் பாசித் தண்ணீரில் ஆழமான அடியும் பாரமான எஞ்சினும் இடைஞ்சல். பதினாறரை அடி அங்கே சுகமாகத் திரியும். சிம்கோவின் தெற்கு மூலையில் குக்ஸ் குடாவிலும் அப்படித்தான்.

இதன் உண்மையான பலம் கரையில் தெரியும். தனியாகப் போய், தனியாக இறக்கி, தனியாக ஏற்றி, வேலைநாள் மாலையில் மூன்று மணிநேரம் பேர்ச் மீன் பிடித்துவிட்டு வரலாம். படகு இறக்கும் சரிவில் (ராம்ப்) பின்னால் ஆள் நின்று "இடது, இடது" என்று கத்தவேண்டியதில்லை. காற்றுத் தள்ளினால் ஒரு கையால் இழுத்துப் பிடிக்கலாம். என் முதல் படகு இந்த அளவுதான், ஆறு வருடம் வைத்திருந்தேன். இப்போது இருக்கும் பெரியதைவிட அதில்தான் அதிக நாள் தண்ணீரில் இருந்திருக்கிறேன். காரணம் மீன் இல்லை. கொழுவிக்கொண்டு போக இருபது நிமிடம் போதும்.

ரெய்லரோடு சேர்த்து இருபது, இருபத்தொரு அடி வரும். மடங்கும் கொக்கித்தண்டு இருந்தால் சில கராஜ்களுக்குள் மூலைக்கு மூலை வைத்து நுழைத்துவிடலாம். மாரிகால நிறுத்தக் கட்டணம் மிச்சம்.

தோற்பது எங்கே? மூன்றாவது ஆள் ஏறியதும் தோற்கத் தொடங்கும். ஒருவர் எழும்பி மறுபக்கம் வந்தால் படகு சாய்ந்து கேட்கும். வி வடிவ அடி ஓடும்போதுதான் நல்லது, நிற்கும்போது உருளும். அகலம் ஒரு அடி குறைந்தால் அந்த உருட்டல் நன்றாகவே தெரியும். தலைசுற்றுகிறவர்களை அழைத்துப் போகவேண்டாம்.

## பதினெட்டரை அடி: எங்கே வெல்கிறது

சிம்கோ 41 மீற்றர் ஆழம்வரை போகும், ஆனால் சராசரி 15 மீற்றர் மட்டில்தான். கடலில் வளர்ந்தவர்களுக்கு இது ஏரிதானே என்று தோன்றும். நீளலை இங்கே வராது. வருவது கிட்டக்கிட்ட எழும் செங்குத்தான குட்டை அலை. பதினாறரை அடி ஒரு அலையிலிருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது அணியத்தில் குத்தும். பதினெட்டரை அடி இரண்டு முகட்டின்மேல் நின்று கடந்துவிடும். எல்லா நாளும் இல்லை, ஆனால் வேகத்தைக் குறைத்து ஊர்ந்து வரவேண்டிய நாட்கள் பாதியாகும். பக்கச் சுவர் உயரம் என்பதால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே எட்டிப் பார்க்காது.

ஆகஸ்டில் சால்மனுக்காக பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் போகிறவர்கள் என்னிடம் கேட்கவே வேண்டாம், பதினெட்டரைதான். அந்த ஏரி 244 மீற்றர் ஆழம், 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் அடித்தால் வடகரையோரத்துச் சூடான நீரை வெளியே தள்ளிவிட்டு அடிநீர் மேலே வரும். சால்மன் கரைக்குக் கிட்ட வருவதும் அப்போதுதான். வெளியே 30 பாகை வெயில், தண்ணீரில் விழுந்தால் மூச்சு அடைக்கும் குளிர். அங்கே உயரமான சுவர் சொகுசுக்கான விடயம் இல்லை. அதோடு ஆழத்தில் இரை இறக்கும் டவுன்ரிகர் இரண்டு, நீண்ட தூண்டில் நாலு, வலை, மூன்று ஆட்கள்: பதினாறரை அடியில் இவ்வளவும் ஏறினால் நடக்க இடம் இராது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது எஞ்சின். விலையைக் குறைக்கப் பதினெட்டரை அடிக்கு 90 குதிரைவலு போட்டு விற்பார்கள். இரண்டு பேரோடு ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நாலு பேரும் நிறைந்த தாங்கியும் என்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும், தண்ணீர்மேல் எழும்பாது, பெற்றோலும் குடிக்கும். படகில் பொருத்தியிருக்கும் தகட்டில் எழுதிய உச்ச எஞ்சின் வலுவில் முக்கால் பங்காவது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். முழு எஞ்சினோடு பதினாறரை அடி, அரை எஞ்சினோடு பதினெட்டரை அடி, இரண்டும் ஒரே விலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன்.

அப்புறம் அடிக்கணக்குச் செலவுகள். மாரிகாலத்தில் நிறுத்தி வைப்பது, பிளாஸ்டிக் உறையால் மூடுவது, மரீனா இடம், ட்ரென்ட்-செவர்ன் கால்வாயின் மதகுக் கட்டணம், எல்லாம் அடிக்கு இவ்வளவு என்றுதான். மின்மோட்டாரைப் பாருங்கள்: நூறு இறாத்தல் எடைக்கு இரண்டு இறாத்தல் உந்துவிசை என்பது பழகிய கணக்கு. பதினாறரைக்கு 12 வோல்ட் 55 போதும். பதினெட்டரைக்கு 24 வோல்ட் 80 வேண்டும். உயரமான சுவர் காற்றையும் பிடிக்கும் என்பதால் அதிலும் கஞ்சத்தனம் பிடிக்கமுடியாது. புதுப் படகென்றால் இவை எல்லாவற்றுக்கும் மேலே 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி.

ரெய்லரோடு இருபத்துமூன்று, இருபத்துநாலு அடி. சாதாரண கராஜை மறந்துவிடலாம். முன் டிரைவ்வேயில் படகு ரெய்லர் நிறுத்துவதற்குப் பல நகராட்சிகளில் கட்டுப்பாடு உண்டு. வாங்கமுதல் உங்கள் நகராட்சியைக் கேளுங்கள், பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தபிறகு கேட்காதீர்கள்.

## இரண்டிலும் மாறாதவை

பத்துக் குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு உரிமப் பதிவு எண் வேண்டும். எந்த எஞ்சின் படகை ஓட்டுகிறவருக்கும் படகு ஓட்டுநர் அட்டை அல்லது அதற்குச் சமமான சான்று வேண்டும். பாதுகாப்புப் பொருள் பட்டியலும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் 6 மீற்றருக்குள். இருபது அடிக்குப் போனால் அந்தக் கோட்டைத் தாண்டிப் பட்டியல் நீளும். ஏரிக்கு ஏரி மாறும்போது அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, பாசியை அகற்றவேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம்.

காற்றிலும் ஒன்று மாறாது. வானிலை அறிவிப்பில் பலத்த காற்று எச்சரிக்கை, அதாவது 20 நொட்டுக்கு மேல், என்று வந்தால் இரண்டு படகும் வீட்டில்தான். பெரிசு என்று வாங்கியவர்கள்தான் இந்த நாட்களில் வெளிக்கிட்டு மாட்டுப்படுகிறார்கள். ஊரில் பதினெட்டடி பைபர் படகில் 25 குதிரைவலு போட்டுக் கடலுக்குப் போனோமே என்று சிலர் சொல்வார்கள். போனவர்கள் தினமும் கடலைப் படித்தவர்கள். நாம் சனிக்கிழமைக்காரர்.

## பதினேழரை?

கேட்பீர்கள் என்று தெரியும். 115 எஞ்சினோடு மொத்தம் 2,900 இறாத்தல் மட்டில் வரும், பிரேக் கோட்டுக்குக் கீழே மயிரிழையில். ஒவ்வொரு முறையும் மூன்று பேர் போகிறவர்களுக்கு நல்ல அளவு. ஆனால் சாமான் ஏற்றியபின் ஒருமுறை லொறி நிறுக்கும் தராசில் நிறுத்துப் பாருங்கள், நிச்சயம் எதிர்பார்த்ததைவிடக் கூடவாக இருக்கும்.

## பழையது வாங்கினால்

பழைய பதினெட்டரை அடி புதிய பதினாறரையின் விலையில் கிடைக்கும்போது மனம் தடுமாறும். அப்போது பார்க்கவேண்டியவை: எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் இருக்கும் மரம் உக்கியிருக்கிறதா (எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பலகை நெளியும்), தரைப்பலகை எங்காவது மெத்தென்று அமுங்குகிறதா, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு எவ்வளவு. ரெய்லரில் வைத்தே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் விட்டால் கசியும் ரிவெட் வெளியே சொட்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்று மாகாணப் பதிவிலும் தேடிப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் பழைய பெரியது மோசமான தெரிவு இல்லை. ஆனால் இழுக்கும் கணக்கு பழையதற்கும் அதேதான்.

## யாருக்கு எது

ஒன்றிரண்டு பேர், ஸ்கூகொக், ரைஸ் போன்ற கவார்த்தா ஏரிகள், மினிவான், டிரைவ்வே: பதினாறரை.

மூன்று நாலு பேர் நிச்சயமாக வருவார்கள், சிம்கோவின் நடு ஏரி, குவின்டே குடாவில் இலையுதிர்கால வோலை மீன், ஒன்ராறியோ ஏரியில் சால்மன், 5,000 இறாத்தல் இழுக்கும் வாகனம், நிறுத்த இடம்: பதினெட்டரை. இதில் ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசியுங்கள்.

வருடத்துக்கு நாலு நாள், அதுவும் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்க என்றால் இரண்டும் வேண்டாம். வாடகைக்கு எடுங்கள்.

அந்தத் தம்பிக்கு சியன்னா. போவது அவரும் மாமனாரும், பெரும்பாலும் ரைஸ் ஏரிக்கு. வருடத்தில் ஒருமுறை சால்மனுக்குப் போக ஆசை. பதினாறரையை 90 எஞ்சினோடு எடுக்கச் சொன்னேன். சால்மன் நாளுக்கு என்னுடையதில் ஒரு இடம் இருக்கிறது, பெற்றோல் காசில் பங்கு தந்தால் சரி.